புல்மேட்டுக்குப் போன வண்டி

முத்துப்பிரியாவின் புது வண்டி போடிக்கு வந்த அன்று ஏலக்காய்க் கடைகளில் காலைச் சோலி ஓடவில்லை. கொச்சியிலிருந்து அவளே ஓட்டிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கி, அடிவாரத்து முந்தல் வழியாக ஊருக்குள் நுழைந்து, அப்பா பெரியகருப்பன் வீட்டுத் தெருமுனையில் வந்து நின்றாள். அதற்கு மேல் வண்டி போகவில்லை. ஜீப்பு போகிற தெருதான் அது. ஆனால் இந்த வண்டிக்கு இந்தப் பக்கம் சாக்கடைக் கல்லும் அந்தப் பக்கம் கரண்டுக் கம்பமும் இடித்தன. பக்கக் கண்ணாடிகளைக் காதுபோல மடக்கிப் பார்த்தாள். அப்படியும் முடியாமல் பின்னால் எடுத்து, அவர்களுடைய ஏலக்காய்க் கடைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். மலையிலிருந்து வரும் ஏலக்காய் மூட்டைகளை இறக்குகிற களம் அது.

உள்ளே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறங்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஏலத் தூசியும் வாசமும் அவர்களோடு சேர்ந்து வந்தன. வண்டி கரும்பச்சை நிறம். நின்ற இடத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சத்தம் காதில் விழுந்ததைவிடத் தரையில் ஊன்றிய கால்களில்தான் அதிகம் தெரிந்தது. யாரும் தொடவில்லை.

செல்லத்தாய்தான் முதலில் கிட்டே போனாள். முத்துப்பிரியா தவழ்ந்த நாளிலிருந்து அந்தக் கடையில் காய் பொறுக்குகிறவள்.

"பாப்பா, இது லாரியா, காரா?"

"கார்தான் சின்னாத்தா."

"காருக்கு எதுக்கு இம்புட்டு ஒசரம்? என்னயப் போல ஆளு எப்பிடி ஏறுறது?"

முத்துப்பிரியா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். வண்டியின் அடியிலிருந்து படி ஒன்று தானாக நீண்டு வந்து நின்றது. அதோடு வண்டியும் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சாண் கீழே இறங்கியது. செல்லத்தாய் துள்ளிப் பின்னால் வந்தாள்.

"ஆத்தாடி! குனியுதுடி!"

பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின்னும் யாருடைய கண்ணும் அந்தப் படியை விட்டு நகரவில்லை. சாமி வாகனத்தைப் பார்ப்பதுபோல வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியகருப்பனுக்கு முத்துப்பிரியா ஒரே மகள். கோயம்புத்தூரில் படித்து அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவள். போடிமெட்டுக்கு அப்பால் இருக்கிற அவர்களுடைய ஏலக்காட்டுப் பாதையில் ஒருநாள் ஜீப்பு ஓடைக்குள் கவிழ்ந்து, பெரியகருப்பனின் முதுகெலும்பு நொறுங்கியது. மதுரையில் அறுத்து, கம்பியும் திருகாணியும் வைத்து முடுக்கி அனுப்பினார்கள். நடைவண்டியைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கலாம். ஜீப்பு மட்டும் கூடாது, ஒரு குலுக்கல் போதும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அதற்கப்புறம் காட்டையும் கடையையும் கவனிக்க முத்துப்பிரியா வந்துவிட்டாள். அவள் புருசன் அருள்பாண்டி தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக மாற்றல் வாங்கிக்கொண்டான். அவள் ஜீப்பு ஓட்டிக்கொண்டு மலையேறினாள். ஆம்பளைகள் மட்டுமே உட்கார்ந்திருந்த, காயை ஏலம் விடுகிற மையத்தில் போய் உட்கார்ந்தாள். பெரியகருப்பன் முன்னறைக் கட்டிலில் கிடந்து மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் மலையின் ஒரு துண்டு தெரியும்.

மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா பொன்னுமணி ஆரம்பித்தாள்.

"நம்ம தெருவுக்குள்ள நொழைய மாட்டேங்குது. அத வாங்கி எங்கிட்டு வைக்க? நீங்களாச்சும் சொல்லுங்க மாப்ளே."

அருள்பாண்டி மின்சார ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறவன்; அன்று லீவு. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் அத்தை. அறுநூறு குதிரை சக்தி. அத இந்த ஊர்ல எங்க ஓட்டுறது? மேடு ஏற நம்ம பழைய ஜீப்புக்கு இருக்குற சக்தியே போதும். இது பெட்ரோலக் குடிக்கிற குடிக்கு பின்னாடியே ஒரு டேங்கர் வரணும். உலகமே சின்ன வண்டிக்கும் கரண்டு வண்டிக்கும் மாறிக்கிட்டிருக்கு. இன்னைக்குத் தேதிக்கு இதுக்கு என்ன அர்த்தம் இருக்குன்னு எனக்கு விளங்கல."

"இதுல குலுக்கல் கெடையாது," என்றாள் முத்துப்பிரியா.

"சரி. அப்ப மாமாவுக்காக வாங்குனேன்னு சொல்லிரு. ஊரும் ஒத்துக்கும், நானும் வாய மூடிக்கிறேன்."

அவள் கையைத் தட்டில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்காக வாங்கலை. ஆசைப்பட்டு வாங்குனேன். கொச்சியில ஓட்டிப் பாக்கச் சொன்னாக. காலி ரோட்டுல கால அமுக்குனேன். என் முதுக யாரோ கையக் கொடுத்து முன்னால தள்ளுனாப்ல இருந்துச்சு. பயமா இருந்துச்சு. சிரிப்பும் வந்துச்சு. நான் அப்பிடிச் சிரிச்சு ரெம்ப நாளாச்சு. அதுக்காகத்தான் வாங்குனேன். பொய் சொல்லச் சொல்லாத."

முன்னறையிலிருந்து கட்டில் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் பெரியகருப்பன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிரியா, இங்கிட்டு வா."

மூவரும் போனார்கள். அவர் தலையணையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"நெசமாத்தான் சொல்றியா? எனக்காக வாங்கலை?"

"இல்லப்பா."

அவர் முகத்தில் சிரிப்பு பைய வந்தது. மெத்தை போட்ட வேனில் கூட்டிப்போகிறேன் என்று மருமகன் ஒருமுறை கேட்டிருந்தான். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்று தம்பி மகன் கேட்டிருந்தான். இரண்டுக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவர்தான் அவர். நோயாளியாக மலையேற அவருக்கு இஷ்டமில்லை.

"அப்பன்னா ஒரு தடவ என்னய ஏத்திட்டுப் போ. அந்தச் சிரிப்பு எனக்கும் வருதான்னு பாப்போம். நாளைக்குக் காட்டுக்குப் போவோம். மேக்காட்டப் பாக்கணும்."

பொன்னுமணியின் கையிலிருந்த கரண்டி கட்டில் காலில் மோதிச் சத்தம் போட்டது.

அடுப்படிக்கு வந்ததும் அவள் மகளின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

"கெடுத்துட்டியேடி."

"எம்மா…"

"இந்த வண்டி வரலைன்னா அவருக்கு மேல போக வழியே இல்ல. வழியில்லாத மட்டும் மேக்காடு அவருக்குப் பச்சையாத்தான இருந்துச்சு? இப்ப நான் என்ன செய்வேன்?"

மேக்காடு என்பது அவர்களுடைய தோட்டத்தின் உச்சிப் பகுதி. கல்யாணமான புதிதில் பெரியகருப்பனும் பொன்னுமணியும் தகரக் கொட்டகையில் தங்கி, அட்டை கடிக்கக் கடிக்க, தங்கள் கையால் ஏலக்கன்று நட்ட சரிவு. போன கோடையில் மலையில் யாரும் பார்த்திராத வெயில் அடித்தது. ஓடை வற்றியது. பாசனக் குட்டை வெடித்தது. கீழ்க்காடு எப்படியோ பிழைத்துக்கொண்டது. மேக்காட்டில் நிழல் மரங்களே இலையைக் கொட்டிவிட்டன. ஏலச் செடிகள் தூர் தூராகக் காய்ந்து சாய்ந்தன. இதைப் பெரியகருப்பனிடம் யாரும் சொல்லக்கூடாது என்று பொன்னுமணி சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் தினமும் கேட்பார், "மேக்காட்டுல எத்தனையாவது எடுப்பு நடக்குது?" காய் பறிக்கிற சுற்றுக்கு எடுப்பு என்று பெயர். பொன்னுமணி முகம் மாறாமல் பதில் சொல்லுவாள். முத்துப்பிரியா அந்த நேரம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

"அம்மா, எத்தன நாளைக்கு மறைக்க முடியும்?"

"அவரு இருக்குற மட்டும் மறைப்பேன். ஒனக்கென்ன தெரியும்? படுத்த படுக்கையில அவரு கண்ண மூடுனா அந்தக் காட்டுலதான் நடந்துக்கிட்டு இருக்காரு."

மறுநாள் விடிந்ததும் பெரியகருப்பன் சட்டை மாற்றி, நடைவண்டியைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் தானே நடந்தார். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். முத்துப்பிரியா வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்திருந்தாள். அது குனிந்தது. படி நீண்டது. பெரியகருப்பன் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பற்றி, மகள் முதுகுக்கு உள்ளங்கை கொடுக்க, ஏறி உட்கார்ந்தார். இருக்கை அவர் முதுகுக்கு ஏற்றபடி அங்கங்கே உப்பி, அங்கங்கே அமுங்கி, அவரை வாங்கிக்கொண்டது.

"என்னமோ பண்ணுதே," என்றார்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல. இப்பிடி ஒருத்தரும் என்னயப் பிடிச்சதில்ல."

பொன்னுமணி புளிச்சோற்றுத் தூக்கையும் வெந்நீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அருள்பாண்டி வரவில்லை. "நான் வந்தா வண்டியப் பத்தித்தான் பேசிக்கிட்டே வருவேன். நீங்க போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

முந்தலைத் தாண்டி ஏற்றம் பிடித்ததும் பெரியகருப்பன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். குலுக்கலுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயாமல் திரும்பியது. மலைதான் கண்ணாடிக்கு வெளியே சுழன்றது. மண்சரிவில் பெயர்ந்து கிடந்த ரோட்டுத் துண்டு ஒன்று வந்தது. சக்கரம் இறங்கி ஏறியதைக் கண் பார்த்தது. உடம்புக்குத் தெரியவில்லை. அவர் கைப்பிடியை விட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடிய எறக்கு ஆத்தா. மலைச் சத்தமே கேக்கல. டிவியில பாக்குறாப்ல இருக்கு."

கண்ணாடி இறங்கியதும் ஈர மண்ணும் தைலப்புல்லும் கலந்த வாசம் உள்ளே வந்தது. அவர் மூக்கை விரித்து இழுத்தார்.

பாதி மலையில் ஒரு வளைவில் எதிரே காய்கறி லாரி வந்தது. முத்துப்பிரியாவின் வண்டி ரோட்டில் முக்கால்வாசியை அடைத்திருந்தது. லாரியால் ஒதுங்க முடியவில்லை. இவள்தான் பின்னால் வரவேண்டும். இவளுக்குப் பின்னால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பும் பின்னால் போகவேண்டியதாயிற்று. ஜீப்பை ஓட்டிய சின்ராசு தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"ரோட்ட நீங்களே வச்சுக்கங்க! நாங்க நடந்து வர்றோம்! வேலைக்கு நேரமாச்சுல்ல?"

முத்துப்பிரியாவுக்குக் காது சிவந்தது. லாரி உரசாமல் கடந்ததும் ஓரம் கட்டி ஜீப்புக்கு வழிவிட்டாள். ஜீப்பு பக்கத்தில் வந்தது. உள்ளேயும் பின்னால் தொத்திக்கொண்டும் பெண்கள். பழைய சட்டைகளைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டி, மடியில் தூக்குச் சட்டிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ராமுத்தாய் ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்துக் கூவினாள். பெரியகருப்பன் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள் அவள்.

"ஏய், மொதலாளிடி! எந்திரிச்சுட்டீகளா மொதலாளி?"

"எந்திரிச்சுட்டேன் தாயி! காட்டுக்குத்தான் வர்றேன்!"

ஜீப்பு முழுக்கச் சந்தோஷக் கூச்சல். சின்ராசுகூடக் கோபத்தை விட்டுக் கும்பிட்டான். ராமுத்தாயின் கண் மட்டும் பின்னால் உட்கார்ந்திருந்த பொன்னுமணியின் கண்ணைத் தேடியது. 'சொல்லியாச்சா?' என்று கேட்டது. பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். ஜீப்பு போனபின் எரிச்சலோடு சொன்னாள்.

"அந்தத் துக்கடா ஜீப்புல அம்புட்டுப் பேரு. இதுல நாம மூணு பேரு. நல்லாவா இருக்கு?"

மகள் வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினாள்.

போடிமெட்டில் மூடுபனி ரோட்டை மறைத்துக் கிடந்தது. கடைக்காரர் வண்டிக்கே பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார். செக்போஸ்டில் நின்ற கேரளப் போலீஸ்காரர் பாரம் பார்ப்பதற்குப் பதிலாக வண்டியைச் சுற்றிவந்து, "எந்தொரு வண்டியா இது!" என்று மலையாளத்தில் தனக்குத்தானே வியந்துகொண்டு வழிவிட்டார். பெரியகருப்பன் சாயாவை உறிஞ்சிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"சிரிப்பு வருது பிரியா. நீ சொன்னது நெசந்தான்."

போடிமெட்டைத் தாண்டி, இடப்பக்கம் பிரிகிற மண்பாதையில் இறங்கினார்கள். சாரல் விழுந்தது. ஓடைக்கரையில், மலையாளம் கலந்து பேசுகிற கங்காணி சுடலை குடையோடு நின்றான். ஜீப்பு கவிழ்ந்த அதே ஓடை. அப்புறம்தான் அதில் சின்னதாகப் பாலம் கட்டியிருந்தார்கள். ஜீப்பு அகலத்துக்குக் கட்டிய பாலம்.

சுடலை வண்டியைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"இது கேறாது மொதலாளி."

பொன்னுமணிக்கு உயிர் திரும்பி வந்தது. "சரி விடுங்க. இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு. இங்கிட்டு இருந்தே பாத்துட்டுத் திரும்பிருவோம். சோத்தக் கொண்டாறேன்."

"நாக்காலி இருக்கு," என்றான் சுடலை. "நாலு பேரு சேந்து மெதுவா தூக்கிக் கொண்டுபோயிரலாம். ஒண்ணும் சாரமில்ல, பயப்படாதீக."

பெரியகருப்பன் முகம் இறுகியது. "நாலு பேரு என்னயத் தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவதான் சுடலை. அத இப்பவே ஆரம்பிக்காத."

முத்துப்பிரியா இறங்கினாள். செருப்பைக் கழற்றிப்போட்டு, சுடலையின் குடைக் கம்பால் ஓடைக்குள் குத்திக் குத்தி நடந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடியில் பாறை. அக்கரையில் செங்குத்தாகச் சேறு. திரும்பி வந்து, ஈரக்காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

"பிரியா, வேணாம்டி," என்றாள் பொன்னுமணி. "இதே எடத்துலதான் அவரு விழுந்தாரு."

பெரியகருப்பன் ஓடையையே பார்த்தார். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்குள் கிடந்து வானத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெந்நீர்ப் போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தார். மூடியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போ ஆத்தா."

அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். வண்டி எழுந்தது. படுத்திருந்த மாடு எழுந்து நிற்பதுபோல முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்கின. ஒவ்வொரு சக்கரமும் தன் பாறையைத் தானே தேடித் தடவிக் கண்டுபிடித்தது. ஒன்று பள்ளத்தில் தொங்க, மற்ற மூன்றும் சேர்ந்து தாங்கின. அக்கரைச் சேற்றில் ஒரு கணம் வழுக்கி நின்றது. அவள் காலை அமுக்கினாள். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த இன்ஜின் ஒரே ஒரு முறை வாய்திறந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் வண்டி மேலே நின்றது. சுடலை குடையை விட்டுவிட்டான். அது சாரலில் உருண்டு ஓடியது. அவன் எடுக்கப் போகவில்லை.

பெரியகருப்பன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"எந்தச் சாமி செஞ்சதுடா இது," என்றார்.

மேக்காட்டுக்குத் திரும்புகிற வளைவுக்கு முன்னால் முத்துப்பிரியா வண்டியை நிறுத்தினாள். பின்னாலிருந்து அம்மாவின் விரல்கள் அவள் தோளில் பதிந்தன. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க பாக்குறதுக்கு முன்னாடி சொல்லிர்றேன். மேக்காடு போயிருச்சு. போன கோடையில காஞ்சு போச்சு. ஒங்ககிட்டச் சொல்லல."

துடைப்பான் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது. பெரியகருப்பன் முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"அம்புட்டுமா?"

"ஓடையோரம் கொஞ்சம் நிக்குது. மத்ததெல்லாம் போச்சு."

அவர் பின்னால் திரும்ப முயன்றார். முதுகு விடவில்லை. திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். பொன்னுமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போ. பாப்போம்," என்றார்.

வளைவு திரும்பியதும் சரிவு முழுக்கத் தெரிந்தது. ஆளுயரத்துக்கு மேல் பச்சையாக அடைத்து நின்ற காடு இப்போது பழுப்பாகக் கிடந்தது. மழையில் ஊறிக் கறுத்த செடித் தட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. இலை கொட்டிய மரங்கள் இடைவெளி விட்டு நின்றன. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

செடிகள் நின்ற காலத்தில் இங்கிருந்து எதிரே ஒன்றும் தெரியாது. இப்போது சரிவின் தலைக்கு மேல் புல்மேடு தெரிந்தது. அதற்கு மேல் வெறும் வெளிச்சம்.

"அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"மலையோட விளிம்புப்பா. அதுக்கப்புறம் கீழ நம்ம ஊரு."

"நான் ஒரு தடவகூட அங்க போனதில்ல. சோலி இல்லாத எடத்துக்கு யாரு போறது? களையெடுக்கணும், மருந்தடிக்கணும், காய் எடுக்கணும். இங்கனயே குனிஞ்சு கெடந்துட்டேன்." கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். "இது அங்க ஏறுமா?"

"ஏறும்ப்பா. ஆனா…" அவள் முன்னால் சாய்ந்து கிடந்த தட்டைகளைப் பார்த்தாள். "செடி மேல ஏத்தித்தான் போகணும்."

"செத்ததுதான ஆத்தா. ஏத்து."

அவள் ஏற்றினாள். ஊறிப்போன தட்டைகள் சத்தமில்லாமல் மடங்கின. தூர்க்கட்டைகள் மட்டும் அடியில் டொக், டொக்கென்று மோதின. அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் பொன்னுமணி கண்ணை மூடித் திறந்தாள். முத்துப்பிரியாவுக்கு அருள்பாண்டி முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. மலை ஏன் இப்படிக் காய்ந்தது என்று அவள் கேட்டதற்கு, "ஊர் ஊரா எரிச்ச எண்ணெதான் வெயிலா திரும்பி வருது," என்றிருந்தான். அந்த எண்ணெயைத்தான் இப்போது அவள் கால் எரித்துக்கொண்டிருந்தது. தெரிந்துதான் அமுக்கினாள். அமுக்காமல் விட்டால் அப்பா பாதிச் சரிவில் நின்றுவிடுவார்.

செடிகள் முடிந்து புல் வந்தது. வண்டி வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. கண்ணாடியில் மேகம் தவிர ஒன்றும் இல்லை. பிறகு மூக்கு தாழ்ந்தது. முத்துப்பிரியா பிரேக்கை அழுத்தி இன்ஜினை அணைத்தாள்.

கேரளத்துப் பக்கமிருந்து வந்த மூடுபனி அவர்கள் தலைக்கு மேல் ஓடி, அந்த விளிம்பில் வெட்டியதுபோல முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. கீழே, வெகு கீழே, வெயிலில் மொத்தச் சமவெளியும் விரிந்து கிடந்தது. தென்னந்தோப்புகள் புல் முளைத்ததுபோலத் தெரிந்தன. கொட்டகுடி ஆறு மணல் கோடாக நெளிந்து போடிக்குள் நுழைந்தது. போடி ஒரு கை மூடும் அளவுக்கு இருந்தது. அதற்குள்தான் அவர்களுடைய தெரு, கடை, ஜன்னலோரக் கட்டில், சண்டை, சத்தியம் எல்லாம் இருந்தன. மதுரையிலிருந்து வரும் ரயில் சத்தமே இல்லாமல் ஊர்ந்து ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

முத்துப்பிரியா எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டாள். காற்று உள்ளே புகுந்து பொன்னுமணியின் முந்தானையைப் பிடுங்கியது. அவள் இறங்கி, கணவரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது.

"எங்க ஊரு எங்கடி? ராசிங்காபுரம்?"

"அந்தா, தெக்க. அந்தக் கண்மாய்க்கு அங்கிட்டு."

"அதுவா?" பொன்னுமணி ஒரு விரலை அங்கே வைத்தாள். இன்னொரு விரலைப் போடி மேல் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம்தான் இருந்தது. "இம்புட்டுத்தானா? என்னயக் கட்டிக்குடுத்து மாட்டுவண்டியில கூட்டியாறயில நான் அழுதுக்கிட்டே வந்தேனே. எங்கேயோ கண்காணாத எடத்துக்குப் போறோம்னு."

பெரியகருப்பன் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. காற்று அதைக் காதுப் பக்கம் தள்ளியது. வாழ்நாள் பூராவும் கீழேயிருந்து மலையைப் பார்த்தவர் அவர். மலைமேல் வந்தபோதெல்லாம் மண்ணைப் பார்த்தவர். இரண்டையும் ஒருசேர இப்போதுதான் பார்த்தார்.

பொன்னுமணி தூக்கைத் திறந்தாள். வண்டியின் முன்மூடி சூடாக இருந்தது. புளிச்சோற்றை வாழையிலையோடு அதன் மேல் விரித்து வைத்தாள். சோறு இளஞ்சூடானது. முத்துப்பிரியா அப்பாவுக்கு உருட்டிக் கொடுத்தாள்.

"பொன்னு," என்றார் அவர், வாயில் சோற்றோடு.

"என்ன?"

"எத்தனாவது எடுப்புன்னு கேக்கயிலெல்லாம் டக்குடக்குன்னு சொன்னியே."

அவள் தலையைக் குனிந்தாள். "சொன்னேன்."

"நாலாவது எடுப்புல காய் உருட்டையா வந்துச்சுன்ன."

"ஆமா."

"ராமுத்தாய் அணில வெரட்டுனதக்கூடச் சொன்ன."

"ஆமாய்யா. அம்புட்டும் பொய்யி."

"நல்லாத்தான் சொன்ன." அவர் சோற்றை விழுங்கினார். "எம்புட்டு நல்லா சொன்ன நீயி. நான் கூடவே நடந்தேன்."

பொன்னுமணி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். முத்துப்பிரியா வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இறங்கும்போது சாரல் நின்றிருந்தது. மேக்காட்டின் நடுவில் சுடலையும் ராமுத்தாயும் இன்னும் சில பெண்களும் காத்திருந்தார்கள். மொதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. வண்டி நின்றது. பெரியகருப்பன் ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தார். புல்மேட்டிலிருந்து இங்கே வரைக்கும் இரண்டு சக்கரத் தடங்கள் செத்த செடிகளை அழுத்திக்கொண்டு நீளமாகக் கிடந்தன.

"சுடலை, கன்னு இருக்கா?"

"கீழ்க்காட்டுல இருந்து தூர் பிரிச்சு எடுக்கலாம் மொதலாளி. மழை இருக்கையிலேயே வெரசா வச்சிரலாம்."

"வையி. காட்ட முழுசா வையி. வண்டி ஏறுன தடத்துல மட்டும் வைக்காத."

சுடலைக்கு விளங்கவில்லை. "ஒரு முழம் சும்மா கெடந்தாலும் எங்கள வைவீகளே மொதலாளி? நடு மத்தியில விட்டா எம்புட்டுச் செடி போகும்?"

"போகட்டும். மேல வரைக்கும் பாதையா கெடக்கட்டும்."

பொன்னுமணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு செடிக்கான இடத்தை விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"எம்புட்டு அகலம் விடணும்?" என்று கேட்டான் சுடலை.

பெரியகருப்பன் வண்டியின் இந்தக் கதவைப் பார்த்தார், அந்தக் கதவைப் பார்த்தார். சொல்லத் தெரியவில்லை. முத்துப்பிரியா சிரித்துக்கொண்டே வண்டியைச் சுடலைக்குப் பக்கத்தில் நகர்த்தி நிறுத்தினாள்.

சுடலை வண்டிக்கு முன்னால் அதன் ஓரத்துக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். எட்டவில்லை. ராமுத்தாய் வந்து அவன் விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு தன் கையை விரித்தாள். இரண்டு பேரும் செத்த தட்டைகளுக்கு நடுவில் கை விரித்தபடி நின்றார்கள்.

"சைடு கண்ணாடியும் இருக்குல்ல," என்றார் பெரியகருப்பன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் தள்ளு தாயி. இன்னும் கொஞ்சம்."